புதுப்பிப்பு: டர்போ போய், பழைய 86 வந்து மூன்று மாதம்

டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் செலுத்தி சக்தியைக் கூட்டும் கருவி) உள்ள, நான்கு சக்கரமும் இழுக்கும் 2017 சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் காரை விற்றுவிட்டு, பின்சக்கரம் மட்டும் தள்ளும் பழைய டொயோட்டா 86 எடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். "மழை பெய்ற ஊர்ல வேணாம்ணே" என்றவர்களே அதிகம். சரி, எடுத்துவிட்டேன். 2018 வண்டி, மேனுவல் கியர்.

சிங்கப்பூரில் சாலை வரி குறைந்ததா என்று கேட்டவருக்கு: ஒரு வெள்ளிகூட இல்லை. வரி இன்ஜின் கொள்ளளவை வைத்துத்தான். இரண்டும் 1,998 சிசி.

மழை விஷயத்தில் நீங்கள் சொன்னது பாதி சரி. இரண்டாம் வாரம், நல்ல மழை, பிஐஇ விரைவுச்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் பின்பக்கம் மெல்ல நழுவியது. உள்ளங்கை வேர்த்துவிட்டது. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பின் டயரின் ஓரத்தில் 2318 என்ற எண். அதாவது 2018-இன் 23-ஆம் வாரம் செய்தது! ரப்பர் கல்லாக இறுகியிருந்தது. விற்றவர் "டயர் புதுசு மாதிரி" என்றார். நானும் டயர் வரிப்பள்ளத்தின் ஆழத்தை மட்டும் பார்த்து ஏமாந்தேன். நான்கையும் மாற்றியபின் அந்தப் பயம் இல்லை.

டர்போவின் தள்ளல் இல்லாதது உறுத்துகிறதா? உறுத்துகிறது. நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்குப் பக்கத்தில் இன்ஜின் கொஞ்சம் தூங்கும், அதைத் தாண்டி 7,000 வரை மிதித்தால்தான் உயிர் வரும். ஆனால் ஸ்டீயரிங்கில் சாலை அப்படியே கைக்கு வருகிறது.

அம்மா அந்தக் குறுகிய பின்சீட்டில் ஒரே ஒரு முறை ஏறினார். இப்போது தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா பகுதி) எம்ஆர்டி ரயிலே போதும் என்கிறார்.