மாலையானால் ஏரிஎஸ் சுவிச் அங்கும் இங்கும் தாவுகிறது. பெட்டியில் 16ஆம் நாள் முட்டைகள். உதவி தேவை

முத்தையன்கட்டுப் பண்ணை:

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தின் முத்தையன்கட்டில் ஊர்க்கோழிக் குஞ்சு பொரித்து விற்கிறேன். இரண்டு பொரிக்கும் பெட்டிகளிலும் சேர்த்து ஏறத்தாழ 1,000 முட்டைகள் இருக்கின்றன. ஒரு பெட்டிக்கு இன்று 16ஆம் நாள், மற்றதற்கு 5ஆம் நாள்.

மின்சாரம் நின்றால் 5 கேவிஏ டீசல் ஜெனரேற்றர் தானாக இயங்குவதற்கு ஏரிஎஸ் என்கிற தானியங்கி மாற்றுச் சுவிச் பூட்டியிருக்கிறேன். பகலில் ஒரு குறையும் இல்லை. மாலை ஆறரைக்குப் பிறகுதான் துன்பம் தொடங்குகிறது. மின்சாரம் இருக்கும்போதே ஜெனரேற்றர் இயங்குகிறது, சுவிச் அதற்கு மாறுகிறது. சில விநாடிகளில் திரும்பவும் மின்சாரத்துக்கு வருகிறது. மறுபடியும் ஜெனரேற்றர். நேற்று ஒரு மணித்தியாலத்தில் நாற்பது தடவைக்கு மேல் ‘டக், டக்’ என்று அடித்ததை எண்ணினேன். பெட்டியின் விசிறி ஒவ்வொரு தடவையும் நின்று நின்று சுற்றுகிறது. பூட்டித் தந்தவர் ஏரிஎஸ்ஸின் கட்டுப்பாட்டுப் பலகை பழுது, புதிதாக வாங்க வேண்டும் என்கிறார். அதற்குக் கையில் காசு இல்லை. என்ன செய்யலாம்?

புதுக்குடியிருப்பு வாசகர்:

அந்தச் சுவிச்சைக் கழற்றிவிடுங்கள். இரண்டு முனையிலும் பிளக் பூட்டிய ஒரு வயரை ஜெனரேற்றரிலிருந்து சுவர்ப் பொருத்தியில் செருகினால் முழுப் பண்ணைக்கும் வெளிச்சம் வரும். எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக அப்படித்தான்.

மாங்குளம் மின்வேலையாள்:

தம்பி, இதை இன்றே நிறுத்துங்கள். மெயின் சுவிச்சை அணைக்க ஒரு தடவை மறந்தாலும் உங்கள் ஜெனரேற்றரின் மின்சாரம் மீற்றர் வழியாக வெளியே போகும். மின்மாற்றி அதைப் பல ஆயிரம் வோல்ற்றாக உயர்த்தும். மின்தடை என்று நம்பித் தூணில் ஏறியிருக்கும் தொழிலாளியின் உயிர் போய்விடும். ஏரிஎஸ் உள்ளே இரண்டு வழிகளும் ஒரே நேரத்தில் மூடாதபடி ஒரு பூட்டு இருக்கிறது. அந்தப் பூட்டுக்காகவே அதற்குக் காசு கொடுக்கலாம்.

தங்கச்சி, உங்கள் சுவிச் பழுது என்று நான் நினைக்கவில்லை. அது தன் வேலையைச் செய்கிறது, ஆனால் அதற்குக் கிடைக்கும் வோல்ற்றளவு பொய் சொல்கிறது. மூன்று விடயங்கள் வேண்டும். எத்தனை வோல்ற்றில் ஊர் மின்சாரத்தை விட்டு விலகவும் எத்தனை வோல்ற்றில் அதற்குத் திரும்பவும் அமைத்திருக்கிறார்கள்? திரும்புவதற்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறது? மாலையில் சுமையோடும் சுமையில்லாமலும் ஊர் மின்சாரம் சுவிச்சுக்குள் வரும் உள்வாயில் எத்தனை வோல்ற்? இதை நீங்கள் திறந்து பார்க்க வேண்டாம், அளவுமானி உள்ள ஒருவரை அழையுங்கள்.

இன்று மாலைக்கு ஒரு வழி: ஏரிஎஸ் முகப்பில் கையால் இயக்கும் நிலை இருந்தால் ஜெனரேற்றர் பக்கம் வைத்து 10 மணி வரை ஓட்டுங்கள். டீசல் போகட்டும்.

நெடுங்கேணிக் கோழிக்காரி:

சுவிச் பற்றி எனக்குத் தெரியாது, முட்டை பற்றிச் சொல்கிறேன் அக்கா. 5ஆம் நாள் பெட்டியின் கதவைத் திறக்காதீர்கள், அது குளிர்ந்துவிடும். 16ஆம் நாள் பெட்டிக்கு ஆபத்து வேறு பக்கம். அந்த வயதில் முட்டைக்குள் இருக்கும் குஞ்சே வெப்பம் உண்டாக்கும். விசிறி நின்றால் நடுத்தட்டு 38 பாகையைத் தாண்டிச் சூடேறும், காற்றும் போதாது. விசிறி நீண்ட நேரம் நின்றால் அந்தப் பெட்டியின் காற்றுத் துளைகளை முழுதாகத் திறந்துவிடுங்கள்.

முத்தையன்கட்டுப் பண்ணை:

எல்லோருக்கும் நன்றி. ஒட்டுசுட்டானில் இருந்து ஒருவர் வந்து மாலை 7 மணிக்கு அளந்து தந்தவை: 200இல் விலகும், 205இல் திரும்பும், 3 விநாடி காத்திருக்கும். சுமையில்லாமல் 224 வோல்ற். பெட்டிகள், குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் பல்புகள், கிணற்று மோட்டர் எல்லாம் போட்டால் 14 அம்பியர் ஓடுகிறது, வோல்ற்றளவு 197க்கு இறங்குகிறது. பகலில் அதே சுமையோடு 208. மின்சார மீற்றரிலிருந்து கொட்டகை வரை 40 மீற்றர் தூரம், கம்பி 2.5 சதுர மில்லிமீற்றர்.

மாங்குளம் மின்வேலையாள்:

விடை இதில் இருக்கிறது. சுமை ஏறினால் 197, சுவிச் விலகுகிறது. விலகியதும் உங்கள் சுமை மின்கம்பியிலிருந்து இறங்கிவிடுகிறது, உடனே 224 காட்டுகிறது. மின்சாரம் நலமாகிவிட்டது என்று நினைத்துத் திரும்புகிறது. திரும்பியதும் மறுபடி 197. காத்திருக்கும் நேரத்தை 10 நிமிடமாக்கினாலும் 10 நிமிடத்துக்கு ஒரு தடவை இதே தாவல்தான். பகலில் ஊரின் வோல்ற்றளவு சற்றுக் கூட இருப்பதால் 208இல் தப்பிவிடுகிறீர்கள்.

இலங்கையில் 230இலிருந்து 6 சதவீதம் ஏறலாம், இறங்கலாம். அதாவது 216 வரை நியாயம். ஆகவே மாலை 7 மணிக்கு, முழுச் சுமையோடு, மீற்றர் வெளிவாயில் எத்தனை என்று பாருங்கள். அங்கேயே 197 என்றால் மின்சார விநியோக நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டியது. அங்கே நல்லபடி இருந்தால் குறை உங்கள் வளவுக்குள்.

முத்தையன்கட்டுப் பண்ணை:

மீற்றர் வெளிவாயில் 221.

மாங்குளம் மின்வேலையாள்:

அப்படியானால் 24 வோல்ற் உங்கள் 40 மீற்றருக்குள் தொலைகிறது. 2.5 கம்பியில் போய்வரும் 80 மீற்றருக்கு 14 அம்பியரில் ஏறத்தாழ 8 வோல்ற் இறங்கும், அது கணக்குக்கு வரும். மிகுதி 16 வோல்ற் எங்கே? 16ஐ 14ஆல் பெருக்குங்கள், 224 வாட். ஏதோ ஓர் இணைப்பில் அவ்வளவு சூடு ஒவ்வொரு மாலையும் எரிகிறது. முட்டைக்கு முன்னால் கொட்டகை பற்றிக்கொள்ளும். மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு திருகாகப் பார்க்கச் சொல்லுங்கள், நியூட்ரல் பக்கத்தை, அதாவது மின்னோட்டம் திரும்பிப் போகும் கம்பியின் பக்கத்தை, முதலில்.

நான் தொழில் பழகிய காலத்தில் வன்னியில் மின்சாரமே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம். அன்றும் கோளாறு பெரும்பாலும் திருகிலேதான் இருந்தது.

முத்தையன்கட்டுப் பண்ணை:

அண்ணா, கண்டுபிடித்துவிட்டோம். கொட்டகை மெயின் சுவிச்சின் நியூட்ரல் திருகைத் தொட்டதும் அரைச் சுற்றுச் சுற்றியது. இழைகளில் பாதி திருகுக்கு வெளியே நின்றன. கம்பியின் உறை மண்ணிறமாகிக் கையில் உடைந்து விழுந்தது. பின்னால் இருந்த பலகையும் கருகியிருந்தது. அதைப் பார்த்தபோது நெஞ்சு பதறிவிட்டது. பக்கத்தில்தான் வைக்கோல் அடுக்கியிருந்தேன்.

அந்த மெயின் சுவிச்சை மாற்றி, கம்பி முனையின் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு குழாயை அழுத்தி, 6 சதுர மில்லிமீற்றர் கேபிள் இழுத்தோம். முழுச் சுமையோடு இப்போது 217. இனி ஏரிஎஸ் அமைப்பை எப்படி வைப்பது?

மாங்குளம் மின்வேலையாள்:

190இல் விலகட்டும், 207இல் திரும்பட்டும். விலக 5 விநாடி, திரும்ப 10 நிமிடம், அதன் பிறகு ஜெனரேற்றர் சுமையில்லாமல் 5 நிமிடம் ஓடி ஆறட்டும். திருகைச் சரிசெய்யாமல் 190 என்று இறக்கியிருந்தால் தாவல் நின்றிருக்கும், கருகல் நின்றிருக்காது. அதனால்தான் முதலில் இதைச் சொல்லவில்லை.

மாறும்போது பத்துப் பதினைந்து விநாடி இருளானால் பொரிக்கும் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது, மில்லிவிநாடியில் மாறும் சுவிச்சுக்குச் செலவழிக்க வேண்டாம். அந்தக் காசில் ஜெனரேற்றரின் 12 வோல்ற் பற்றரிக்கு ஒரு நல்ல சார்ஜர் வாங்குங்கள். பற்றரி இறந்தால் எந்த ஏரிஎஸ்ஸும் ஜெனரேற்றரை இயக்காது. கிழமைக்கு ஒரு தடவை மெயினை அணைத்து, பெட்டிகள் ஓடும்போதே சோதியுங்கள். வெறுமனே இயக்கிப் பார்ப்பது போதாது.

முத்தையன்கட்டுப் பண்ணை:

நேற்றுப் பெருமழையில் மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லை. ஒரு தடவை மாறியது, ஒரு தடவை திரும்பியது. இன்று காலை 21ஆம் நாள் பெட்டிக்குள் சத்தம் கேட்கிறது.