‘ஸ்பின்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஆங்கிலம் தெரிந்தவர்கள், நெசவு தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். ஒன்பதாவது படிக்கும் மகள் ‘ஸ்பின்’னுக்கு அர்த்தம் கேட்டாள். பம்பரத்தை விட்டுக் காட்டி, “இப்படிச் சுழல்றது” என்றேன். “அப்போ சிலந்தி வலை பின்றதுக்கும் ஏன்ப்பா அதே சொல்?” என்று மடக்கிவிட்டாள்.

அகராதியைப் புரட்டினால், பஞ்சை இழுத்து முறுக்கி நூலாக்குவதுதான் மூலப்பொருளாம். சுழல்வது பின்னால் வந்தது. மணமாகாத பெண்ணைக் குறித்த ‘ஸ்பின்ஸ்டர்’கூட முதலில் நூல் நூற்பவள்தான். ‘ஸ்பின் எ யார்ன்’ என்றால் கதை விடுவது. நம்ம ‘கயிறு திரிக்கிறான்’ அப்படியே அதேதான்!

இப்போது சிக்கல் இது. வீட்டில் அம்மா ராட்டையில் லுங்கித் தறிக்குத் தார் சுற்றுவார்; அதாவது, தறியில் குறுக்கே ஓடும் நூலைச் சின்னக் குழலில் சுற்றுவார். மகள் அதை ‘ஸ்பின்னிங்’ என்று கட்டுரையில் எழுதிவிட்டாள். நூலைச் சுற்றுவதுதானே, நூற்பது இல்லையே. ‘வைண்டிங்’ என்று மாற்றச் சொல்லட்டுமா? அப்புறம், செய்தியைத் தனக்குச் சாதகமாக வளைக்கும் ‘ஸ்பின்’னுக்குத் ‘திரிப்பது’ பொருந்துமா? வாஷிங் மெஷின் ‘ஸ்பின்’னை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்கிறீர்கள்? திங்கட்கிழமை நோட்டைக் கொடுக்க வேண்டும்.