லேப்டாப்போடு ஜாஸ் வாசிக்கிறவர்கள்: நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

கோஸ்ட்நோட்:
ட்ரம்ஸ், பேஸ், கீபோர்டு, பக்கத்தில் லேப்டாப். வேகம் நிமிடத்துக்கு 170 தட்டுக்குக் குறையாது. நடுவில் ட்ரம்மர் ஒரு பாரை (நாலு தட்டுச் சுற்று) பிடித்துக்கொண்டு, பதிவான ஒலித்துண்டுகளை ஓட்டும் சாம்ப்ளரில் வெட்டி ஒட்டின மாதிரியே அடித்தார். ஸ்னேர் ட்ரம்மின் சத்தம் பாதியில் அறுந்து, அறுந்த இடத்திலிருந்தே மறுபடி, மறுபடி. லேப்டாப் வேலைதான் என்று அந்தப் பக்கம் திரும்பினால் அதை யாரும் தொடவே இல்லை. எல்லாம் கை! பேஸ்காரர் இந்தக் களேபரத்தில் கலந்துகொள்ளாமல் பாதி வேகத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். இன்னும் அதே நினைப்பாக இருக்கிறது.

வாக்கிங்பேஸ்:
இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கு? ட்ரம்மர் ஜோஜோ மேயர் தன் நெர்வ் குழுவோடு 90களின் கடைசியிலேயே இதைச் செய்ய ஆரம்பித்துவிட்டார். மெஷின் மாதிரி வாசிப்பது பயிற்சி சார், அவ்வளவுதான். மெஷினோடு வாசிப்பதில்தான் சிக்கல். நான் பார்த்த கச்சேரியில் சாக்ஸ் சோலோ அப்போதுதான் சூடு பிடித்தது. இன்னொரு சுற்று போகலாம் என்று அவர் கண்ணைக் காட்டுகிறார், ட்ரம்மரும் தயார். லேப்டாப்புக்குக் கண் ஏது? டமால் என்று அடுத்த பகுதி வந்து விழுந்தது. வாயில் சாக்ஸோடு அவர் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கே!

பஃபர்128:
அது லேப்டாப் குற்றமில்லை, பாட்டு முழுவதையும் டைம்லைனில் போட்டு வைத்தவர் குற்றம். ஏபிள்டன் என்கிற இசை மென்பொருளில், பகுதிகளை நினைத்த நேரத்தில் ஓடவிடும் செஷன் வியூ எதற்கு இருக்கிறது? பகுதிகளைத் தனித்தனி கிளிப்பாக லூப்பில் விடுங்கள், லான்ச் குவாண்டைஸ் ஒரு பார் (அடுத்த பார் தொடங்கும்போதுதான் கிளிப் மாறும்), காலடியில் ஒரு ஸ்விட்ச். மிதித்தால்தான் அடுத்த பகுதி. தாளம் காட்டும் கிளிக் சத்தம் ட்ரம்மர் காதுக்கு மட்டும் போகட்டும். லேப்டாப் ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் பஃபர் 128 சாம்பிள் என்றால் 44.1 கிலோஹெர்ட்ஸில் சுமார் 3 மில்லிசெகண்ட் தாமதம்; 1024 வைத்தால் 23, எலக்ட்ரானிக் பேடில் அடிக்கிறவருக்குக் கை கட்டிப்போட்ட மாதிரி. அப்புறம் ஸ்னேர். தி வின்ஸ்டன்ஸ் குழுவில் கிரிகரி கோல்மன் 1969இல் வாசித்த அந்த ஏழு செகண்ட் ட்ரம்ஸ் துண்டு, ஏமென் பிரேக், சுமார் 137 வேகம். ஜங்கிள் என்கிற வேகமான எலக்ட்ரானிக் நடன இசைக்காரர்கள் அந்தப் பதிவை 170க்கு ஓட்டியபோது சுருதியும் கிட்டத்தட்ட நாலு அரைச்சுரம் ஏறியது. நம் காதுக்குப் பழகினது அந்த ஏறின ஸ்னேர். அதனால் 14 அங்குல ஸ்னேரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாமல் 10 அல்லது 12 எடுத்து இறுக்கிக் கட்டுங்கள். நான் பார்த்த கதை? ஒரு ட்ரம்மர் இடைவேளையில் ஸ்னேரை மாற்றினார், அதோடு இசையே மாறிவிட்டது.

டப்சைரன்:
ஸ்னேர் அளவெல்லாம் அப்புறம். எனக்கு மறக்காதது சவுண்ட் இன்ஜினியர். மிக்ஸரில் உட்கார்ந்தபடி ஒரே ஒரு ரிம்ஷாட்டை (ஸ்னேரின் விளிம்போடு சேர்த்து அடிப்பது) எதிரொலி உண்டாக்கும் டிலேயில் தள்ளிவிட்டார். எதிரொலி தாளத்தோடு ஒட்டாமல், மூன்று தட்டுக்கு இரண்டு என்ற கணக்கில் திரும்பி வந்தது. ட்ரம்மர் தன் பிரேக்கை விட்டுவிட்டு அந்த எதிரொலிகளுக்கு நடுவில் இருந்த சந்துகளில் வாசிக்க ஆரம்பித்தார். இருந்த நாலு பேரில் யார் வாசிக்கிறார் என்றே புரியவில்லை.

வாக்கிங்பேஸ்:
@பஃபர்128 கால் ஸ்விட்ச் இருந்தது சார். கீபோர்டுக்காரர் காலடியில். மிதித்ததே அவர்தான்.