உணவுக் கண்காட்சியா, பனம்பாத்தியா?

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பாரம்பரிய உணவுக் கண்காட்சி வைக்க எங்கள் ஊர்ச் சங்கம் காசு கொடுக்கலாம் என்று செயலாளர் தங்கச்சி எழுதியிருந்தா. நோக்கம் நல்லது. ஆனால் இப்படியான கண்காட்சிகள் எப்படி நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். முதல்நாள் இரவு அம்மாமார் விடிய விடியச் சமைப்பார்கள். பிள்ளைகள் வெள்ளைச் சீருடையோடு மேசைக்குப் பின்னால் நின்று பாடமாக்கியதை ஒப்புவிப்பார்கள். விருந்தினர் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். (அந்தப் படங்கள் எங்களுக்கும் வரும், நாங்களும் 'அருமை' என்று எழுதுவோம்.) பிள்ளையின் கையில் ஒரு பொட்டு மாவும் ஒட்டியிராது.

அந்தக் காசை ஒரு பனம்பாத்திக்கு, அதாவது பனங்கொட்டையைப் புதைத்துக் கிழங்கு எடுக்கும் மண்மேட்டுக்கு, கொடுப்போம் என்பது என் விருப்பம்.

பள்ளிக்கூடப் பின்வளவு மணல் தரை, வேலியோரம் பனைகளும் நிற்கின்றன. ஆவணி, புரட்டாதியில் பழம் தானாக விழும். யாரும் மரம் ஏறத் தேவையில்லை. பிள்ளைகள் பொறுக்கிவந்து, பிசைந்து களி எடுத்து, பாயில் படை படையாகப் பூசிக் காயவிட்டால் பனாட்டு. மாரிமழை தொடங்கமுன் கிடைக்கும் வெயிலை நம்பித்தான் இந்த வேலை. மிஞ்சும் கொட்டை பாத்திக்குப் போகும். மணலைக் கொத்தி உயர்த்தி, கொட்டைகளை நெருக்கி அடுக்கி, மண் மூடிவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். முளை முதலில் மேலே வராமல் கீழே இறங்குவது ஏன் என்று விஞ்ஞான ஆசிரியர் ஒரு பாடமே எடுக்கலாம். இடையில் சில முளைவிட்ட கொட்டைகளை வெட்டி, உள்ளே இருக்கும் வெள்ளைப் பருப்பான பூரானைத் தின்னக் கொடுங்கள், பிறகு பாத்திப் பக்கம் போகாதே என்று சொன்னாலும் கேட்கமாட்டார்கள்.

தை, மாசியில் கிழங்கு கிண்டலாம். பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். காயமுன்னும் காய்ந்தபின்னும் நிறுத்துப் பார்த்தால் கணிதத்துக்கும் வேலை இருக்கிறது. ஒடியலை இடித்து அரித்து, மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேல்தண்ணீரை வடித்துக் கைப்பெடுப்பதை மட்டும் ஆச்சிமார்தான் காட்டவேண்டும்.

அப்புறம் கூழ். சைவ வீட்டுப் பிள்ளைகளும் படிப்பதால் இரண்டு பானை வையுங்கள். ஒன்றில் மீன் தலை, நண்டு, இறால். மற்றதில் மரக்கறி மட்டும். பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயிற்றங்காய் எல்லாம் அவிந்தபிறகு, அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்த்து, கரைத்த ஒடியல் மாவை ஊற்றித் துழாவவேண்டும். குடிப்பதற்குப் பனை ஓலையை மடித்துச் செய்யும் பிளா என்ற ஏனம் கோலவும் பிள்ளைகளே பழகட்டும். சங்கத்தின் பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் கோப்பை அனுப்புவதாகச் சொன்ன இலண்டன் அண்ணை கோபிக்கக்கூடாது.

புலமைப்பரிசில் பரீட்சை இருப்பதால் தரம் 5 பிள்ளைகளைத் தொடவேண்டாம், பெற்றோர் விடவும் மாட்டார்கள். தரம் 7, 8 சரியாக இருக்கும். சாதாரண தரப் பரீட்சைக்கு விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும் என்று ஒரு பாடம் இருப்பதால், அதைப் படிப்பிக்கும் ஆசிரியரைப் பொறுப்பாக வைக்கலாம். சந்தேகம் வந்தால் யாழ்ப்பாணத்துக் கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

செலவில் பெரும்பங்கு ஆச்சிமாருக்குப் போகவேண்டும் என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதம். மேடையில் பொன்னாடை போர்த்தி அனுப்பினால் போதாது. வருகிற ஒவ்வொரு நாளுக்கும், மேசன் வேலைக்கு வருபவருக்குக் கொடுப்பதுபோல, நாட்சம்பளம் கொடுக்கவேண்டும். அவர்களுக்குத் தெரிந்தது வேறு எவருக்கும் தெரியாது என்றுதானே கூப்பிடுகிறோம்!

முதல் வருடம் ஐந்நூறு கொட்டை போதும். பாதி முளைக்காவிட்டாலும் ஒரு கூழுக்குக் காணும்.

ஆடி பிறக்கமுன் அதிபருக்குக் கடிதம் போகவேண்டும். கண்காட்சிதான் நல்லது என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள், கதைப்போம். ஊரில் நிற்கும் யாராவது பின்வளவில் கிணற்றடிப் பக்கத்தை ஒருக்கால் பார்த்துச் சொல்லமுடியுமா? மாரியில் அங்கே வெள்ளம் நிற்கிறது என்றால் கொட்டை அழுகிவிடும், பாத்தியை மதில் பக்கம் மாற்றவேண்டியிருக்கும்.