முல்லைத்தீவுக் கரையில் வானோடு இரண்டு இரவு

வன்னிக் கரையோரம் குடும்பத்தோடு வான் வாகனத்தில் தங்கிப் போனவர்கள், அங்கே சந்தித்த ஆட்களைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் கதை கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் இருப்பது வவுனியாவில். 2024 ஆகஸ்ட் பள்ளிக்கூட விடுமுறைக்குத் தம்பியின் டொல்பின் வானை இரவலாக வாங்கி, பின் இரண்டு வரிசைச் சீட்டையும் கழற்றிப் பலகை அடித்து மெத்தை போட்டோம். 2.3 கிலோ காஸ் சிலிண்டர், ஒற்றை அடுப்பு, மூன்று தண்ணீர்க் கான், நுளம்பு வலை, ஒரு சவள், நல்ல கயிறு, நிழலுக்குக் கட்ட ஒரு நீலத் தறப்பாள். ஆட்கள் நான், மனைவி, 11 வயது மகள், 7 வயது மகன், மாமி. ஆகஸ்ட்டில் போனது சோழகத்தை நம்பித்தான். அந்தக் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால் முல்லைத்தீவுப் பக்கத்துக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். வாடை தொடங்கியபிறகு, ஐப்பசி கார்த்திகையில், சின்னப் பிள்ளைகளோடு அந்தக் கரைக்குப் போகவே வேண்டாம்.

மாமிக்குச் சொந்த இடம் முள்ளியவளை. 2008 கடைசியில் யுத்தம் நெருங்க அங்கிருந்து வெளிக்கிட்டு, புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று தள்ளித் தள்ளிப் போய், 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தால் வெளியே வந்த குடும்பம். மாமா வரவில்லை, வலைஞர்மடத்தில் எறிகணைச் செல் விழுந்து செத்துப் போய்விட்டார். மனைவிக்கு அப்போது 19 வயது. நான் அந்த நாட்களில் வவுனியாவில் இருந்தவன், ஒன்றையும் கண்ணால் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு மாமி ஒருநாளும் அந்தக் கரைக்குப் போனதில்லை. பிள்ளைகள் இரண்டும் "அம்மம்மா வராட்டில் நாங்களும் இல்லை" என்று நின்றதால்தான் ஏறினார். ஏறுவதற்கு முன்னால் அந்தத் தறப்பாளைக் கண்டுவிட்டு, "தம்பி, நான் தறப்பாளுக்குக் கீழ படுக்க மாட்டன். அந்த அஞ்சு மாசம் காணும் எனக்கு" என்றார். நான் பேசாமல் அதை இறக்கி வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான், முள்ளியவளை, முல்லைத்தீவு, அப்புறம் தெற்கே சிலாவத்தை, அளம்பில் என்று செம்மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம் நாலு மணி. கடலைக் கண்ட சந்தோசத்தில் நான் தார் வீதியை விட்டு இறக்கி, பனங்கூடலுக்குள்ளால் கரைவரை ஓட்டினேன். கரைக்குக் கிட்டப் போனதும் பின்சில்லு இரண்டும் மணலுக்குள் இறங்கிவிட்டன. இன்னும் அமத்த அமத்த ஆழமாகப் போனதே ஒழிய வான் அசையவில்லை. சவளால் கிண்டினோம், பனை மட்டை வெட்டிப் போட்டோம், ஒன்றும் சரிவரவில்லை.

அந்த நேரம் கரைவலை வளைத்துவிட்டு இழுப்புக்குக் காத்திருந்த ஆட்கள் வந்தார்கள், பதினைந்து பேர் இருக்கும். அவர்களில் மூத்தவர் முதலில் செய்தது, சில்லில் காற்றைப் பாதிக்குமேல் இறக்கியது. ரயர் தட்டையாகப் பரந்தால் மணலில் தாழாது, இது ஏன் எனக்கு முன்னமே தெரியாமல் போனது என்று இப்பவும் நினைப்பேன். பிறகு வலைக் கயிற்றையே முன்பக்கத்தில் கட்டி, அம்பா என்கிற இழுவைப் பாட்டைப் பாடி இழுத்தார்கள். பாட்டுக்குத்தான் கால் ஒரே நேரத்தில் மணலை உதைக்கும், அந்த உதைப்பில்தான் வலையும் வரும் வானும் வரும். மூன்றாவது இழுவையில் வெளியே வந்துவிட்டது. மகன் கயிற்றின் கடைசியில் தொங்கிக்கொண்டு அவர்களோடு சேர்ந்து கத்தினான். காசு நீட்டினேன், வாங்கவில்லை. "தம்பி, இது எங்கடை பாடு. நாளைக்கு விடியவும் இதிலைதான் வலை ஏறும். வானை அந்தப் புன்னைக்குக் கீழ விடுங்கோ, ஆரும் கேட்டால் எங்கடை பேரைச் சொல்லுங்கோ" என்றார். பாடு என்றால் அவர்கள் வலை இழுக்கிற கரைத்துண்டு. விடிய வலை ஏறியபோது பிள்ளைகளும் போய்ப் பிடித்தார்கள். சூடையும் கீரியும் கொஞ்சம் நெத்தலியும். ஒரு சட்டி நிறைய மீன் தந்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். அன்றைக்குக் காலையில் பாணும் அந்த மீன் சொதியும், வான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

இரண்டாம் நாள் எங்கள் திட்டம் வட்டுவாகலால் புதுக்குடியிருப்புக்குப் போய், பரந்தன் பக்கமாகச் சுற்றிச் சுண்டிக்குளம் சேர்வது. வட்டுவாகல் பாலம் ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய ஒடுக்கமான பழைய பாலம், ஒரு பக்கம் நந்திக்கடல், மற்றப் பக்கம் கடல். ஏறும்போது கண்ணாடியில் பார்த்தேன், மாமி கண்ணை மூடிக்கொண்டு மகளின் கையைப் பிடித்திருந்தார். முள்ளிவாய்க்கால் தாண்டியதும், "தம்பி, வலைஞர்மடத்தாலை ஒருக்காப் போவமே" என்று கேட்டார்.

அங்கே கடலுக்குக் கிட்ட ஒரு பனைக்குக் கீழே நிறுத்தினோம். மாமியும் மனைவியும் கதைக்கவில்லை. நான் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினேன். பிள்ளைகள் சவளை எடுத்துக்கொண்டு போய் மணலில் குழி தோண்டத் தொடங்கினார்கள், வேறு எந்தக் கடற்கரையிலும் பிள்ளைகள் செய்கிற வேலைதானே. சைக்கிளில் போன ஒரு ஐயா நின்றுவிட்டார். எழுபது வயது இருக்கும்.

"பிள்ளையள், தோண்டாதேங்கோ அப்பு" என்றார்.

ஏசவில்லை. சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்து சொன்னார். மழைக்கும் காற்றுக்கும் மண் இடம் மாறும், மாறினால் கரண்டி, செருப்பு, சேலைத் துண்டு எல்லாம் மேலே வரும். அவர் வளவிலேயே இரண்டுமுறை வெடிக்காத செல் வந்து, அறிவித்து, வந்து எடுத்துப் போயிருக்கிறார்கள். "மற்றது, ஆர் எங்கை கிடக்கினம் எண்டு எங்களுக்குத் தெரியாது தானே" என்றார். மகள் சவளைக் கீழே வைத்துவிட்டாள். மகன் தோண்டின குழியைக் கையாலேயே திரும்ப மூடினான், யாரும் சொல்லவில்லை.

மாமி எழும்பி வந்து அவரிடம் ஒரு கிணற்றைப் பற்றிக் கேட்டார். கட்டில்லாத கிணறு, பக்கத்தில் இரட்டைப் பனை. ஐயா யோசித்துவிட்டு, "ஒரு பனை பட்டுப்போச்சு, மற்றது நிக்குது, வாங்கோ" என்று கூட்டிக்கொண்டு போனார். நானும் பிள்ளைகளும் போகவில்லை, மனைவி மட்டும் பின்னால் போனார். இருட்டுப்படத்தான் திரும்பி வந்தார்கள். கிணற்றுக்கு இப்போது கட்டுக் கட்டியிருக்கிறார்களாம், வேலி தள்ளிப் போட்டிருக்கிறதாம். அதற்குமேல் மாமி ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இரவு எங்களை வெளியில் நிற்க ஐயா விடவில்லை, வானைத் தன் வளவுக்குள் எடுப்பித்தார். அவருடைய மனைவி புட்டும் நண்டுக் குழம்பும் தந்தார். நாங்கள் நாலு பேரும் வானுக்குள் படுத்தோம். மாமி அந்த அம்மாவோடு விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தார், படுத்தார் என்பதைவிட விடியும்வரை கதைத்தார். எந்தெந்த ஊரில் எத்தனை நாள், பங்கர் எங்கே வெட்டினது, கஞ்சி எங்கே வாங்கினது, யார் யாரைக் கண்டது. 15 வருடமாக வீட்டில் எங்களுக்குச் சொல்லாத கதையெல்லாம், அன்றைக்குக் கண்ட ஒரு ஆளுக்குச் சொன்னார். நுளம்பு வலைக்குள் கிடந்து மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். நித்திரை கொள் என்று சொல்ல வாய் வரவில்லை.

சுண்டிக்குளம் போகவில்லை. அடுத்தநாள் வந்த வழியாலேயே திரும்பினோம். வட்டுவாகல் பாலத்துக்கு முன்னால் மாமி நிறுத்தச் சொன்னார், இறங்கினார். 2009இல் அவர் நடந்ததும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்தான். மகளும் இறங்கிக் கையைப் பிடித்தாள். இருவரும் முன்னால் நடக்க நான் முதல் கியரில் பின்னால் போனேன். எதிர்ப்பக்கம் ஒரு பஸ் வந்து நின்றது. சாரதி ஒலி எழுப்பவே இல்லை, மாமி பாலத்தைவிட்டு இறங்கும்வரை காத்திருந்தார். அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. அந்த மனிதர் இதை வாசித்தால் எங்கள் நன்றி.

*

நான் நாயாற்றுப் பக்கம் தொழில் செய்கிறேன். மேலே எழுதியவருக்கு நடந்தது எங்கள் பாடு இருக்கிற கரையிலும் மாதம் ஒருதரம் நடக்கும். வருகிற எல்லோருக்கும் ஒன்று கேட்கிறேன், கரையில் கயிறு கிடந்தால் அது சும்மா கிடக்கிற கயிறு இல்லை, அந்த இடத்தால் வலை ஏறும், அதில் வாகனத்தை விடாதீர்கள். வாடியில், அதாவது கரையில் நாங்கள் தங்குகிற கொட்டிலில், ஒரு ஆளிடம் கேட்டால் நல்ல இடம் காட்டுவோம், குடிக்கிற தண்ணீரும் தருவோம். போத்தல் உடைத்துப் போட்டுவிட்டுப் போகாதீர்கள், நாங்கள் வெறுங்காலோடுதான் இழுக்கிறோம்.

*

மாங்குளம் – ஒட்டுசுட்டான் வீதியில் பொழுதுபட்டபிறகு ஓடவேண்டாம் என்றும் சேர்த்துவிடுங்கள். போன வருடம் ஆறரை மணிக்கு எங்களுக்கு முன்னால் ஒரு கொம்பன் யானை, தார் வீதிக்கு நடுவில். வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு மெல்லப் பின்னால் எடுத்தேன், பிள்ளைகளுக்கு மூச்சே இல்லை. வயலில் காவல் இருந்த ஒரு அண்ணை சத்தம் கேட்டு வந்து, வெடி போட்டால் குழம்பிவிடும், தானாகப் போகட்டும் என்று எங்களோடு முக்கால் மணித்தியாலம் நின்றார். அவருடைய ஒரு ஏக்கர் நெல்லை அந்த யானைதான் தின்றது என்று பிறகுதான் சொன்னார்.

*

சுண்டிக்குளம் போக இருப்பவர்களுக்கு. 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவான இடம் அது. நினைத்த இடத்தில் வானை விட்டுத் தங்கலாம் என்று எண்ணாதீர்கள், அனுமதி கேளுங்கள். நாங்கள் தை மாதம் போனோம், பூநாரைகள் கூட்டமாக நின்றன, தூரத்தில் பார்க்க உப்புநீருக்கு மேல் ரோசாப் புகை படிந்த மாதிரி.

ஆனால் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து சொன்ன கதை பூநாரையைப் பற்றி இல்லை. வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்கிற ஒரு தங்கச்சியைச் சந்தித்தோம். எங்கள் பெடியன் கேட்டுக் கேட்டுத் துளைக்க, அந்தப் பிள்ளை மேசையில் சீனியைக் கொட்டிக் காட்டியது. இவ்வளவு அகலம், இவ்வளவு நீளம், முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாகக் கிண்டவேண்டும், வெயிலிலும் கனமான உடுப்பும் முகமூடியும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் பந்து போனாலும் எடுக்கப் போகக்கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியது. காணி துப்புரவானதும் முதலில் யார் போவார்கள் என்று அவன் கேட்டான். "நாங்கள்தான், நடந்து காட்டிவிட்டுத்தான் குடுப்பம்" என்றது.

*

முதலில் எழுதியவன் மறுபடியும் வந்திருக்கிறேன். மாமி எப்படி இருக்கிறார் என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். சுகம். அன்றைக்கு வரும் வழியில் வட்டாப்பளைக் கண்ணகை அம்மன் கோவிலுக்கும் போனோம். சின்ன வயதில் வைகாசிப் பொங்கலுக்கு நடந்தே போனதையும், சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் எடுத்த கடல்நீரில் விளக்கு எரிவதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். 2025 செப்டம்பரில் வட்டுவாகலில் புதுப் பாலம் கட்டும் வேலை தொடங்கியது என்று செய்தி வந்தபோது, மகள்தான் அவருக்கு வாசித்துக் காட்டினாள். "பழசிலை நடந்திட்டம் தானே" என்றார்.

வலைஞர்மடத்து அம்மாவும் மாமியும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கதைப்பார்கள். வருகிற வைகாசிப் பொங்கலுக்கு இருவரும் சேர்ந்து போவதாகப் பேச்சு. வான் கேட்டுத் தம்பியிடம் சொல்லிவிட்டேன். பானையும் அரிசியும் எடுத்துவைக்கிற பொறுப்பை மாமி எடுத்திருக்கிறார்.