புலித்தலை ராட்சசனும் வரத்தில் விடுபட்டவர்களும்

ஒருவர் கதை சொல்லி நடத்த, மற்றவர்கள் பாத்திரங்களாகிப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்காக 1977இல் வெளியான 'மான்ஸ்டர் மேனுவல்' நூலில் ராட்சசனின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது: புலித்தலை, மேனாட்டுக் கனவான் வீட்டில் அணியும் மேலங்கி, கூடவே ஒரு புகைக்குழாய். உருவம் மாறுவதும் மாயம் காட்டி ஏய்ப்பதும் நம் கதைகளில் உள்ளவையே. ஆனால் மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டாலே அவன் மடிவான் என்ற அந்நூலின் விதியை இராமாயணத்தில் காண முடியாது. 1974இல் 'கோல்சாக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ராட்சசனை அவ்வாறுதான் கொல்கிறார்கள். விதியும் அங்கிருந்தே வந்திருக்க வேண்டும்.

நான் நடத்தும் ஆட்டத்தில் அம்பை எடுத்துவிட்டு வரத்தை வைத்தேன். தேவர், கந்தருவர், நாகர் எவராலும் சாவு நேரக் கூடாது என்று கேட்ட இராவணன் மனிதரை ஒரு பொருட்டாக எண்ணாமல் விட்டான் அல்லவா? என் ராட்சசனும் அப்படியொரு நீண்ட பட்டியலைச் சொல்லி வரம் வாங்கியவன். அதில் விடுபட்டது எது என்பதை உடைந்த கல்வெட்டுகளிலிருந்தும் அவனுடைய தமக்கையின் வாயிலிருந்தும் ஆட்டக்காரர்கள் அறிய வேண்டும். இருபது முகப் பகடையில் உச்ச எண்ணான இருபதே விழுந்தும் வாள் அவன் தோலைக் கீறவில்லை என்று நான் சொன்னதும் எழுந்த முணுமுணுப்பு கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த முறை கூடியபோது எவரும் ஆயுதப் பட்டியலைப் புரட்டவில்லை. அவன் யாரை மதிக்க மாட்டான் என்றே விவாதித்தார்கள். கடைசியில், தங்கள் மூட்டையைச் சுமந்துவந்த சிறுவனின் கையில் ஈட்டியைக் கொடுத்தார்கள்.

* * *

மேலே எழுதிய நண்பரின் குழு பொறுமையானது போலும். என் குழுவில் எல்லாரும் தமிழர்கள் என்பதால், கதை முன்கூட்டியே தெரிந்துவிடுவதுதான் இடைஞ்சல். காட்டோரம் பொன்னிற மான் ஒன்று துள்ளியது என்று நான் வாய்திறந்த உடனே, "மாரீசன்டா, யாரும் போகாதீங்க!" என்று ஒருவர் கத்திவிட்டார். ஆகவே மானை மெய்யான மானாகவே விட்டுவிட்டு, அவர்களுக்கு மோர் கொடுத்து உபசரித்துக்கொண்டிருந்த குடிசைக் கிழவியை அரக்கியாக்கினேன். மானைத் துரத்தாத பெருமிதத்தோடு அன்றிரவு அவளுடைய திண்ணையிலேயே படுத்தார்கள்.

எனக்குள்ள குறை வேறு. விதிநூல் ராட்சசர் குலம் முழுவதையும் தீயோர் என்று குறித்துவிடுவதால் விபீடணனுக்கு அங்கே இடமில்லை. அடுத்த கதையில் அவனைப் போன்ற ஒருவன் அடைக்கலம் கேட்டு வரவிருக்கிறான். இராமாயணம் தெரிந்தவர்கள் என்பதால் தயங்காமல் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ராட்சசனும் அதை நம்பித்தான் வருகிறான்.