லே பைக் பயணம்: ஸ்டென்ட் வைத்த நண்பனைக் கூட்டிப் போகலாமா?

வணக்கம் நண்பர்களே. நாங்கள் மூன்று பேர், கல்லூரித் தோழர்கள். வருடத்துக்கு ஒரு பைக் பயணம், அவ்வளவுதான் எங்கள் தொடர்பு. நடுவில் பிறந்தநாளுக்குக்கூடப் போன் பேச மாட்டோம். முதல் பயணம் கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவில் பாதியிலேயே பஞ்சர். வண்டியைத் தள்ளிக்கொண்டே தன் அப்பாவின் கடனைப் பற்றி முதன்முதலாக வாய் திறந்தான் ஒருவன். அவனுக்குத்தான் போன வருடம் இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள்.

இந்த ஆகஸ்டில் லடாக்கில் இருக்கும் லே போகத் திட்டம். மணாலி வழி என்றால் சர்ச்சுவில், 4,200 மீட்டருக்கு மேல், இரவு தங்க வேண்டி வரும். அதனால் ஸ்ரீநகர், கார்கில் வழியாக மெல்ல ஏறலாம் என்று யோசிக்கிறோம். அதிலும் வழியில் வரும் ஃபோட்டு லா கணவாய் 4,100 மீட்டர். லே ஊரே 3,500.

இதய டாக்டரைக் கேட்காமல் கிளம்ப மாட்டோம், அது வேறு. ஸ்டென்ட் வைத்தபின் இந்த வழியில் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எங்கே எத்தனை நாள் தங்கினீர்கள்? பின்னால் உட்கார்ந்து வந்தால் சிரமம் குறையுமா? (இதைச் சொன்னால் அவன் அடிக்க வருவான்.) டாக்டர் வேண்டாம் என்றால், மூவரும் போகிற மாதிரி உயரம் குறைந்த பாதை ஒன்று சொல்லுங்கள். அவனை விட்டுவிட்டுப் போவதாக இல்லை.